பனி இறங்கினால் ஆன் ஆகும் கம்ப்யூட்டர்

கையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவனை ஊர் சும்மா விடுமா? கொல்லிமலையில் ஒரு மாதம் அறை எடுத்து நிம்மதியாக எழுதலாம் என்று போன வாரம்தான் போனேன். வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காதே... சோளக்காடு சந்தையில் ஒரு பழக்கடைக்காரரின் எலெக்ட்ரானிக் தராசைச் சரி செய்து கொடுத்துத் தொலைத்தேன். மறுநாளே அதே மலையில் இருக்கும் அரியூர் நாடு என்ற ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டது.

வந்தவர் வள்ளியக்கா. மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி.

"ஏனுங்க, எங்கூட்டுக் கம்ப்யூட்டரு எந்திரிக்கவே மாட்டேங்குது. சித்த வந்து பாக்கறீங்களா?"

"பட்டனை அமுக்கினா என்னங்கக்கா ஆகுது?"

"அமுக்குனா வராதுங்க சாமி. பனி எறங்குனா அதுவா வருமுங்க. நாலு மூச்சு நிக்கும், போயிரும்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

போகிற வழியில் சொன்னார். கம்ப்யூட்டர் அவருடைய ஒரே மகன் சதீஷுடையது. மலைக்குக் கீழே காலேஜில் படித்தவன். மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பிரிண்ட் போட்டது ஒன்றுகூடக் கிடையாது. சாயங்காலம், அவன் பஸ் இறங்கி வீட்டுக்கு வருகிற நேரத்துக்குத்தான் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகிறதாம்.

"வர்றது அவந்தானுங்க. வந்தவன் நிக்க மாட்டேங்கறான். கொஞ்ச நேரம் நிக்க வெச்சுக் குடுங்க சாமி."

இதற்கு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போவது?

சதீஷின் அறையில் ஒரு கட்டில், இரண்டு மிளகு மூட்டை, மேஜை மேல் கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினேன். அசையவில்லை. முன்பக்கம் முழுக்கச் சந்தனம், குங்குமம் – நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. நம் ஊரில் பொட்டு வைக்காத மெஷின் ஏது? ஒயர், பிளக் எல்லாம் சோதித்தேன். கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. எதிரே இருந்த பலாமரம் காணாமல் போயிருந்தது. திறந்த கதவு வழியாகப் பனி, வீட்டு ஆள் மாதிரி சத்தமில்லாமல் உள்ளே வந்தது. கால் மணி நேரத்தில் என் சட்டையே ஈரம்.

விர்ர்ர்...

நான் தொடவில்லை. அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். பச்சை லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. ஸ்க்ரீனில் வெளிச்சம் வந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... நாலாவது மூச்சில் எல்லாம் அணைந்தது.

"வந்துட்டுப் போயிட்டான், பாத்தீங்களா?" என்றார் மெதுவாக.

எதற்கு மறைக்க வேண்டும்? பயந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மொபைல் டார்ச்சை அடித்துப் பட்டனைக் கிட்டத்தில் பார்த்தேன். சந்தனம் அடுக்கடுக்காக ஏறிக் காரை பூசியதுபோல் இருந்தது.

"இது யாருங்கக்கா வெக்கறது?"

"நாந்தானுங்க. வெள்ளிக்கெழம தவறாம வெப்பேன். அந்த எடம் அவன் நெத்தியாட்டமே இருக்குதுங்க."

இரண்டு வருஷ வெள்ளிக்கிழமைகள்! குழைத்த சந்தனம் சுவிட்சுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. காய்ந்தால் பட்டன் ஒட்டிக்கொள்கிறது. பனியில் நனைந்தால் யாரும் அமுக்காமலே கனெக்‌ஷன் கொடுக்கிறது. பட்டனை அமுக்கின கையை எடுக்காமலே வைத்திருந்தால் சில விநாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் இல்லையா? ஈரச் சந்தனமும் எடுக்காத விரல் மாதிரிதான். அதுதான் அந்த நாலு மூச்சு.

காரணம் தெரிந்ததும் என் பயம் போய்விட்டது. அவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன் பாருங்கள்!

சுவிட்சைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டினேன். அமுக்கினதும் கம்ப்யூட்டர் எழுந்தது. நின்றது. தலையில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் ஸ்க்ரீன் முழுக்கச் சிரித்தான்.

வள்ளியக்கா ரொம்ப நேரம் அவனைப் பார்த்தார்.

"இனிமே நாந்தான் அமுக்கோணுங்களா?"

"ஆமாங்கக்கா. எப்ப வேணாலும் பாக்கலாம்."

"பனி எறங்குனா?"

"தானா வராதுங்கக்கா."

வெளியே பனி இன்னும் அப்படியே நின்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அணைச்சுருங்க சாமி. நானா போட்டா அது வெறும் படந்தானுங்க."

சரி செய்து கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்கத் தோன்றியது... எனக்கு அதுதான் முதல் தடவை.