பிரான்ஸ் மாத்திரையும் ரோஸ் மருந்தும்

எங்கள் கணக்கு டீச்சருக்கு வெளிக்குப் போனது என்ன நிறம் என்பது வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கரும்பலகையில் பின்னங்களைப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் அதை நினைக்காமல் இருக்கப் படாத பாடு படுவேன். இந்தத் துன்பத்துக்கெல்லாம் காரணம் என் சித்தி.

சித்தி, அம்மாவின் தங்கை. மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு, கருவடிக்குப்பம் போகிற சாலையில் மருந்துக்கடை வைத்திருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகிற வரைக்கும் கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். எழுத விட்டால்தானே.

வயிறு சரியில்லை என்று யாராவது வந்து நின்றால் போதும், சித்தி மாத்திரையை எடுக்கமாட்டாள், கேள்வியை எடுப்பாள். எப்போதிலிருந்து இப்படி, காய்ச்சல் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வெளிக்குப் போனது என்ன நிறம், ரத்தம் கலந்திருந்ததா. எல்லாவற்றையும் எதிர்ச்சாரியில் இருக்கிற பேக்கரிக்காரருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பாள். டீச்சர் பாவம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். ஸ்டூலில் நான் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கறுப்பாகப் போகிறது என்று மெல்லச் சொன்னார். அவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சித்தி, அதனால்தான் கறுப்பு, பயப்பட வேண்டாம், ஆனால் அந்த மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆளுக்குக் கறுப்பாகப் போனால் ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக்கூடாது என்று விளக்கம் கொடுத்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இன்னொரு நாள் ஒருவர் சாயங்காலம் வேளாங்கண்ணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும், சட்டென்று நிறுத்துகிற மாதிரி ஸ்ட்ராங்காக ஏதாவது கொடுங்கள் என்று வந்தார். காய்ச்சலும் இருக்கிறது, ரத்தமும் போகிறது என்று தெரிந்ததும் சித்தி நிறுத்துகிற மாத்திரையைக் கொடுக்க முடியாது என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பிவிட்டாள். போகும்போது உப்புச்சர்க்கரைப் பொடியைக் கையில் கொடுத்து, பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடக்கூடாது என்றாள். அதோடு விடவில்லை. “எங்க, திருப்பிச் சொல்லுங்க” என்றாள். மீசை நரைத்த மனிதர் ஞானோபதேச வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனார். ஒப்பிக்காமல் யாரும் அந்தக் கடைப் படி இறங்க முடியாது. எனக்கு அவமானமாக இருந்தாலும், ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் வந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி அப்பா. அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாளெல்லாம் யார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலாவது குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்து முட்டி தேய்ந்துபோயிருந்தது. பிரான்சில் இருக்கிற பெரியப்பா கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் பெட்டி பிரிக்கிற திருவிழா நடக்கும். சாக்லேட் பிள்ளைகளுக்கு, சென்ட்டும் சோப்பும் பெரியவர்களுக்கு. அதற்கப்புறம் மருந்து. தலைவலிக்காரருக்கு ஒன்று, சளிக்காரருக்கு ஒன்று என்று பெரியப்பா சாக்லேட் கொடுக்கிற அதே கையால் பங்கு பிரிப்பார். பிரான்சில் ஆள் இருக்கிற எந்த வீட்டு அலமாரியிலும் இப்படி நாலு அட்டையாவது இருக்கும். அதை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை, பரிசு என்றுதான் நினைப்பார்கள். பரிசைப் பற்றி யாரிடம் போய் யோசனை கேட்பது? அந்த வருஷம் தன் முட்டிவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருந்ததைப் பெரியப்பா அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா கொஞ்ச நாள் அதை அலமாரியிலேயே வைத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. இந்த வருஷம் எல்லா வெள்ளிக்கிழமையும் மாதா கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முழுக்க முழங்காலிலேயே இருக்கப்போவதாக நேர்ந்துகொண்டார். முழங்கால் ஒத்துழைக்க வேண்டாமா? அட்டை வெளியே வந்தது. மாத்திரை கெட்டிக்கார மாத்திரைதான், ஒரே நாளில் வலி போய்விட்டது. அப்புறம் வெள்ளிக்கிழமை மட்டும் என்றில்லாமல் தினமும் வேலைக்குப் போகும் முன்னும் போட ஆரம்பித்தார். தவக்காலம் பூராவும் அவருக்கு ஒருசந்தி. ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு. அதனால் மாத்திரை எப்போதும் வெறும் வயிற்றில்தான் போனது.

இரண்டாம் வாரமே நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றார். கேஸ், பட்டினி கிடந்தால் வரத்தானே செய்யும் என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார். சித்தி கடையில் கேஸ் மருந்து வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார். அப்பாவுக்கு கேஸாம் என்று நான் போய் நின்றதும், சித்தி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “மாமாவுக்கு ஒருசந்தி கேஸா?” என்று சிரித்தபடி ரோஸ் நிற மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் எப்போதும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே இருப்பார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. நிறம் கேட்காமல் விட்டாளே! நாம் சொந்தக்காரர்கள் என்பதால் கிடைக்கிற சலுகை என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மருந்து வேலையும் செய்தது. குலுக்கி ஒரு மூடி குடித்ததும் அப்பாவின் முகம் தெளிந்துவிடும். பாட்டில் தீரத் தீர நான் ஓடுவேன். வீட்டில் வேறு எந்த வேலைக்கும் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதையில் ஆண்டவர் மரிக்கிற இடம் வந்தது. எல்லாரும் முழங்காலிட்டு மௌனமாக இருந்தோம். மணி அடித்து எல்லாரும் எழுந்தார்கள், அப்பா எழுந்திருக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒருசந்தி இருந்த உடம்பு, அதான் என்றார்கள். சிலர் அவருடைய பக்தியை மெச்சவும் செய்தார்கள். ஒருவர் காப்பி வாங்க ஓடினார். அம்மா சித்திக்கு போன் போட்டாள்.

சித்தி கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியில் வந்தாள். அப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள். காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தாள். பங்குச் சாமியார், பாடற்குழு, பாதி ஊர் சுற்றி நிற்கிறது. நான் தெரிந்த புனிதர்களையெல்லாம் வேண்டினேன், கேட்டுவிடக் கூடாதே என்று. கேட்டுவிட்டாள்.

“மாமா, வெளிக்கு என்ன கலர்ல போவுது?”

அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கேஸ்தான், ஒன்றுமில்லை என்றார். சித்தி இன்னும் குனிந்து, அவள் குரல்தானா என்று சந்தேகப்படுகிற அளவு மெதுவாக, மறுபடியும் கேட்டாள்.

“கறுப்பா. தார் மாதிரி. நாலஞ்சு நாளா” என்றார் அப்பா.

வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டதும், அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிரெஞ்சில் எழுதியிருந்ததை சித்தி ஒரு தடவை வாசித்தாள். அவள் முகம் அப்பாவின் முகத்தைவிட வெளுத்துப்போனது. “வயித்துக்குள்ள ரத்தம் போயிட்டிருக்கு. வாயில ஒண்ணும் குடுக்காதீங்க” என்று அவள் சொன்னதும் சாமியார் காரை எடுத்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தம் கசிந்த புண்ணை அடைத்தார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் அம்மா சோறு தொடவில்லை. அப்பா செத்துப்போவாரா என்று கேட்க வாய் வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டே இருந்தேன். பெரியப்பா போனில் அழுதார். அந்த மாத்திரையோடு வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையும் டாக்டர் அவருக்கு எழுதியிருந்தாராம், அவர் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட்டாராம். எங்களுக்கு வந்தது ஜோடியில் ஒன்று மட்டும்.

அப்பா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று சித்தி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் எது, சாப்பிட்ட பிறகு எது, இனி எந்த வலி மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லி முடித்தாள். கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. அப்பாவும் தலை குனிந்து ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்.

பிறகு சித்தி வெளியே வந்து பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். வயிற்றில் புண், மருந்து, குணம் என்று பெரியவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த மருந்தோ ஒன்றே ஒன்று, அந்த ரோஸ் மருந்து.

“நான்தான்க்கா குடுத்தேன். ஒரு வார்த்தை கேக்காம, ஒவ்வொரு பாட்டிலா நான்தான்க்கா எடுத்துக் குடுத்தேன்” என்றாள் சித்தி.

எனக்குச் சுருக்கென்றது. நல்ல பெயரையெல்லாம் இவளே தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாளே!

“குடுத்தது நீதான் சித்தி, ஆனா ஓடி ஓடி வாங்கியாந்து குடுத்தது நானு” என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். அம்மா எங்கள் இரண்டு பேர் தலையையும் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா பிழைத்த சந்தோஷத்தில் என் பங்கை சித்தி ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.