அண்ணையை முந்திய பாடம்

பல்கலைக்கழகம் முடித்து, நியமனக் கடிதத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாகச் சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞான ஆசிரியையாகப் போனேன். பத்தாம் வகுப்பு. கரும்பலகையில் தலைப்பை எழுதி முடிக்கவில்லை, முன்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள்:

“ரீச்சர், உது ரியூசனிலை முடிஞ்சுது.”

எந்தப் பாடத்தைத் தொட்டாலும் அதே கதை, அதே கொட்டாவி. முடித்து வைத்த அந்தப் புகழ்பெற்ற ரியூசன் மாஸ்டர் வேறு யாருமல்ல, என் சொந்த அண்ணை. காலையில் என் கையால் தேநீர் குடித்துவிட்டுப் போய் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்.

“கொஞ்சம் மெதுவாப் போங்கோவன், அண்ணை.”

“ஏலாது. வேணுமெண்டால் என்ரை நோட்ஸை வாசிச்சு விடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான்: இந்த வகுப்புக்கு நான் எதற்கு?

உயிர்களின் உடலைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்கள் பற்றிய பாடத்தை அவர் இன்னும் தொடவில்லை. பூட்டிக் கிடந்த ஆய்வுகூடத்தின் திறப்பை அதிபரிடம் கெஞ்சி வாங்கினேன். இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியைத் துடைத்து வைத்தேன். வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, வகுப்பில் பாதிப் பேர் தோட்டக்காரர் பிள்ளைகள். முன்வாங்குக்காரி ஒரு பிடியே கட்டிக்கொண்டு வந்தாள். மெல்லிய உரியைப் பிரித்து, ஒரு துளி அயடீன் விட்டு, கண்ணாடித் துண்டில் வைத்தோம். கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை.

“ஐயோ ரீச்சர், எங்கடை வெங்காயத்துக்குள்ளை இவ்வளவு அறையோ!”

மற்றவர்கள் இடித்துத் தள்ளினார்கள். மணி அடித்தும் ஒருவரும் அசையவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த சமய ஆசிரியரும் வரிசையில் நின்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அயடீன் பட்டதென்று சமாளித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“வெங்காயக் கலத்தின்ரை படத்தைப் பலகையிலை கீறத் தொடங்கினன். ‘சேர், உதைப் பள்ளிக்கூடத்திலை பாத்திட்டம்’ எண்டு பிள்ளையள் கத்துதுகள்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:

“நானும் ஒருக்கா வந்து பாக்கட்டோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணை படித்த காலத்தில் அவருடைய பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கூரையே இருக்கவில்லை. புத்தகத்தில் கண்ட படத்தைத்தான் இத்தனை வருடமாகக் கீறிப் படிப்பித்திருக்கிறார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார். முன்வாங்குக்காரிதான் நுணுக்குக்காட்டியின் குமிழைத் திருகிக் கொடுத்தாள்.

“தெரியுதோ சேர்?”

அவரும் ஒருமுறை குமிழைத் திருகினார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே அண்ணை கத்தினார்:

“தங்கச்சி, நான் கீறுற மாதிரியே கிடக்கடி!”