கோணி ஊசிக்கு முன் அனைவரும் சமம்

சின்னசேலம் சாலையில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையின் வாசலை நாற்பத்திரண்டு வயது நிர்மலா ஆண்டு வருகிறார். பதவியின் பெயர் வாட்ச்மேன். பெயரை மாற்றித் தர முதலாளி அறிவுச்செல்வன் தயார்தான். சட்டையில் மறுபடி எழுத்துத் தைக்க வேண்டுமே என்று நிர்மலாதான் பெருந்தன்மையாக மறுத்துவிட்டார்.

ஆட்சிக்கு வந்த முதல் மாதத்திலேயே அவர் ஓர் அறிவியல் உண்மையைக் கண்டுபிடித்தார். கேட்டுக்கு வெளியே நிற்கும் கொய்யா மரம் திங்கட்கிழமைதோறும் மொட்டையாகிறது, அதுவும் ஆள் கைக்கு எட்டும் உயரம் வரை மட்டும். ஞாயிற்றுக்கிழமை குடித்த தொழிலாளர்கள் வாடையை மறைக்க அந்த இலையை மென்றுகொண்டு வேலைக்கு வந்தார்கள். மனிதர் யாரும் ஆசைப்பட்டுக் கொய்யா இலை தின்பதில்லை என்பது அந்த மேதைகளுக்குத் தோன்றவில்லை.

"இன்னா அஜித்து, ஆடு கணக்கா மென்னுக்கினு வர்ற?"

"பல்லு வலி, யக்கா."

"பன்னெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பல்லு வலியா? திரும்பி நட."

உள்ளே இருப்பது மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் மிஷின். முள் வைத்த உருளை. கிழங்குக்கும் விரலுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. போன வருடம் ஒருவர் தம் இரண்டு விரல்களை அதற்குக் கொடுத்திருந்தார்.

வாடையே இல்லாத போதைகளும் ஊருக்குள் வந்துவிட்டதால் நிர்மலா சட்டத்தைத் திருத்தினார். உள்ளே போகிறவர் எவரானாலும் மூட்டை தைக்கும் கோணி ஊசியில் சணல் கோர்த்துக் காட்ட வேண்டும். மூன்று முயற்சி. தோற்றவர், களத்தில் காயும் ஜவ்வரிசிக்கு அன்று முழுக்கக் காக்கா ஓட்ட வேண்டும். மீசை வைத்தவர்கள் ஜெயிலுக்குக்கூடப் போவார்கள், அந்த வேலைக்குப் போக மாட்டார்கள்.

முதலாளி நவீன மனிதர். வாயால் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றையும் வாங்கி வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை மிஷின் ஆபரேட்டர் வீரமுத்து வந்தார். டீயைத் தவிர எதையும் தொடாதவர். நிர்மலாவின் கணவரும்கூட. ஊதினார், கருவி ஜீரோ காட்டியது. ஊசியை எடுத்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. சணல் ஊசியைச் சுற்றிப் பிரதட்சணம் வந்ததே தவிர உள்ளே போகவில்லை.

கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை முகங்களிலும் தீபாவளி.

"யக்கா, வூட்டுக்காரருக்கு மட்டும் நாலாவது சான்ஸா?" என்றான் அஜித்.

நிர்மலா கணவரைப் பார்த்தார். "காலைல இன்னாயா முழுங்குன?"

"சளி மாத்திரைடி. ஒண்ணு போடச் சொன்னாங்க. சீக்கிரம் போவட்டும்னு ரெண்டா போட்டேன்."

"தூக்கம் வரும்னு மெடிக்கல்ல சொல்லலியா?"

"சொன்னாங்க. அது குடிக்கிறவங்களுக்குன்னு நெனச்சிக்கினேன்."

முதலாளி ஓடி வந்தார். "ஜீரோதானம்மா காட்டுது! கல்வராயன்மலை லோடு எறங்கிக் கெடக்கு, கிழங்கு புளிச்சிடும். உள்ள வுடு."

"வுடுறேங்க மொதலாளி. வெரலு போச்சின்னா அந்த ஜீரோ திருப்பிக் குடுக்குமான்னு மட்டும் சொல்லுங்க."

அறிவுச்செல்வன் கருவியைப் பார்த்தார், வீரமுத்துவைப் பார்த்தார். வீரமுத்து நின்றபடியே கண்ணை மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தார். மாற்று ஆபரேட்டருக்குப் போன் போட்டார். மிஷின் ஒரு மணி நேரம் தாமதமாக ஓடியது.

ஆலையின் ஒரே குடிக்காத மனிதர் காக்கா ஓட்டப் போனார். அரைமணியில் குடை நிழலில் குறட்டை. காக்கைகள் சொந்தபந்தத்தோடு வந்து சாப்பிட்டுப் போயின.

மத்தியானம் நிர்மலா சோற்றுத் தூக்கோடு போய் அவரை எழுப்பினார். அவர் கை கழுவ நீட்டியதும் தண்ணீரை ஊற்றாமல் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தார். பத்து விரலும் இருந்தன.

"காக்கா ஜாஸ்தி தின்னுட்ச்சிடி. மொதலாளி கத்துவாரு."

"தின்னுட்டுப் போவட்டும்யா. அது மிஷினு இல்ல, ஜவ்வரிசியோட வுட்டுட்ச்சி."

என்றபடி தண்ணீரை ஊற்றினார்.