டிவியில் வந்த பஸ் டிரைவர்

லவோன் முடிதிருத்தும் கடையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். கடைக்காரியின் தங்கை மகன் செனட்டர் ரெய்னரின் பிரச்சார ஆபீஸில் வேலை பார்க்கிறானாம். இன்றைக்கு டிவி விவாதத்தில் செனட்டர் நம் டெல்விக் ஊரைப் பற்றிப் பேசப்போகிறாராம்.

ஆர்டித் நம்பவில்லை என்றாள். சொன்ன கையோடு பெரிய பாத்திரத்தில் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பு வைத்து, இலவங்கப்பட்டை ரோலுக்கு மாவும் பிசைந்தாள். லவோனையும் அவள் கணவன் ஹார்லனையும் சாப்பிட வரச் சொன்னாள்.

ஜனாதிபதியாக ஆசைப்படுகிறவர்கள் அயோவா மாநிலத்தில் யார் வீட்டுச் சமையலறையிலாவது உட்கார்ந்து காபி குடித்தே ஆகவேண்டும். ஆனால் அக்டோபரில் ஆர்டித் வீட்டுக்கு வந்த இந்த செனட்டர் அம்மாள் மட்டும்தான் எழுந்து துண்டை எடுத்துப் பாத்திரம் துடைத்தார். துடைக்கும்போதுதான் ஆர்டித் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மாடுகளை விற்றதிலிருந்து மாசக் கடைசியில் கையைக் கடிக்கிறது. கணவர் டுவேன் இரண்டு மாவட்டம் தாண்டிப்போய், அங்கே ஒரு சர்ச்சில் இலவசமாகக் கொடுக்கும் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி வருகிறார். உள்ளூர் சர்ச்சில் சனிக்கிழமைதோறும் அதே மாதிரிப் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பவரே அவர்தான்.

பிப்ரவரியில் காக்கஸ், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க்கூட்டம். ஓட்டுச்சீட்டு கிடையாது, பள்ளி ஜிம்மில் யாருக்கு ஆதரவோ அவர் மூலையில் போய் ஊர் பார்க்க நிற்கவேண்டும். செனட்டரின் வடக்கு மூலைக்கு ஆர்டித்தான் பொறுப்பு. எந்த மூலையிலும் நின்றறியாத டுவேன், இந்தத் தடவை உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

விவாதம் தொடங்கி அரை மணி நேரம் மற்றவர்கள்தான் பேசினார்கள். ஹார்லன் தெற்கு மூலைக்காரர், சும்மா இருப்பாரா.

"உங்க செனட்டரம்மா எப்பதான் வாயத் திறப்பாங்க? இன்னும் தொண்டையைக் கனைச்சிக்கிட்டே இருக்காங்க."

"உங்காளு மூச்சு விட்டாத்தானே மத்தவங்க பேச முடியும்" என்றாள் ஆர்டித். டுவேன் சிரித்தார்.

விலைவாசியைப் பற்றிக் கேள்வி வந்தது. செனட்டர் கேமராவைப் பார்த்துத் திரும்பினார். டெல்விக் என்ற பெயர் காதில் விழுந்ததும் லவோன் ஆர்டித்தின் முழங்கையைப் பிடித்தாள். அந்த ஊரில் பள்ளி பஸ் ஓட்டும் ஒருவர், அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாது என்று வெகுதூரம் போய்ச் சாப்பாட்டுப் பெட்டி வாங்குகிறார், இதுவா நம் நாடு என்று செனட்டர் கேட்டார். பெயரைச் சொல்லவில்லை. பெரிய ஊராக இருந்தால் அந்த மரியாதை போதும். டெல்விக்கில் ஓடுவது ஒரே பஸ்.

டிவியில் கைதட்டல் நிற்கவே இல்லை. ஹார்லன் கரண்டியைக் கீழே வைத்தார். லவோன் தன் ரோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டுவேன் எழுந்து கோட்டை மாட்டினார். "பஸ் இன்ஜினுக்கு ஹீட்டர் சொருகணும். காலையில கிளம்பாது."

சாயங்காலமே சொருகியாயிற்று. ஜன்னலுக்கு வெளியே அந்த ஆரஞ்சு ஒயர் பனியின் மேல் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"எங்கிட்டகூடச் சொல்லலியேடி" என்றாள் லவோன்.

"அந்தம்மா அவங்க ஊருக்குத் திரும்பிப் போயிடுவாங்கன்னுதான் சொன்னேன்."

ஹார்லன் தொப்பியைக் கையில் எடுத்தார். "சனிக்கிழமை பெட்டி இறக்க நானும் வர்றேன்னு டுவேன்கிட்ட சொல்லு." கிண்டலாக ஏதாவது சொல்லியிருந்தால்கூட ஆர்டித் தாங்கியிருப்பாள்.

அவர்கள் போன உடனே பிரச்சார ஆபீஸ் பையன் போனில் கூப்பிட்டான். குரலில் ஒரே சந்தோஷம். செனட்டர் பேசியதிலேயே அதுதான் எடுபட்டதாம். காக்கஸ் அன்றைக்கு டிவிக்காரர்கள் ஜிம்முக்கு வருகிறார்களாம்.

"உங்க வீட்டுக்காரரும் உங்ககூட நிப்பாருல்ல மேடம்?"

"அவரைக் கேக்கணும்" என்று போனை வைத்தாள்.

டுவேன் பஸ் பக்கம் போகவே இல்லை. வாசலில் நின்ற பிக்கப் வண்டிக்குள் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தார். ஆர்டித் கோட்டைத் தேடினாள், பிறகு வேண்டாமென்று ஜன்னலோரம் நின்று அவர் எண்ணைப் போட்டாள். வண்டிக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம் எழும்பி அவர் தாடையைக் காட்டியது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.