அம்மா இறங்கும் இடம்

வள்ளத்தில் கதவு இல்லை. வீட்டில் சண்டை வந்தால் அம்மா குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டுவா, அப்பா சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்திக்குப் போவார், நான் சைக்கிளை எடுப்பேன். வள்ளத்தில் அது நடக்காது. கோபித்துக்கொண்டு எழும்பினால் வள்ளம் சரியும். மூன்று பேரும் அவரவர் இடத்தில் இருந்தபடியே முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். எங்கட குடும்பத்தின் பாதிச் சண்டைகள் அப்படித்தான் முடிந்தன. ஆளுக்கொரு திசையில் தண்ணீரைப் பார்த்தபடி.

வவுனியாவில் என்னோடு கம்பஸில் படிக்கிற ஒருத்தன் ஒருநாள் என்ர போனில் ஒரு படத்தைக் கண்டுவிட்டான். விடிகிற வெளிச்சம், ஆழமில்லாத களப்புக் கடல், வள்ளத்தின் பின்பக்கத்தில் நீளத் தடியோடு நிற்கிற அம்மாவின் முதுகு. "மச்சான், குடும்பமா வள்ளத்திலயா? குடுத்து வைச்சனீங்களடா" என்றான். அவனில் பிழையில்லை. படத்தில் அது அப்படித்தான் தெரிந்தது. நான் சிரித்துவிட்டு போனைப் பைக்குள் வைத்தேன். ஆனால் அன்று முழுக்க எரிச்சல் அடங்கவில்லை. அந்தப் படத்தில் நிற்கிற மனுசி முதல்நாள் இரவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை என்பதைப் படம் சொல்லாது.

அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் எனக்கும் ஒண்டுக்கு வந்தால் வள்ளத்தின் ஓரத்தில் நின்று அலுவலை முடிப்போம். அம்மா எங்கே போவா? சுற்றிவரத் தண்ணீர், இரண்டு ஆம்பிளைகள், மறைவுக்கு ஒரு பலகைகூட இல்லை. அதனால் அவா குடிப்பதை நிறுத்திவிட்டா. பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவதும் அவாதான், எங்களுக்கு ஊற்றித் தருவதும் அவாதான். "உங்களுக்கு?" என்று கேட்டால், "எனக்கு வேண்டாம் அப்பன், வயிறு சரியில்லை" என்பா. ஒவ்வொரு விடியலும் வயிறு சரியில்லை. பிறகு சிறுநீரகத்தில் கல் என்று வந்தபோது டொக்டர், "தண்ணி நல்லாக் குடியுங்கோ அம்மா" என்றார். "ஓம் டொக்டர், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, அடுத்தநாள் விடிய அதே வயிறு சரியில்லாமல் வள்ளத்தில் ஏறினா.

அம்மா ஏன் ஏறினா என்றால், அப்பாவின் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. கடைசி யுத்தத்தில் பாய்ந்த ஷெல் துண்டு ஒன்று இன்னும் தோளுக்குள் இருக்கிறது. தடியை ஊன்றி வள்ளத்தைத் தள்ள இரண்டு கையும் வேண்டும், வலை இழுக்கவும் வேண்டும். சித்தப்பா இருக்கும் மட்டும் அவர் கூடப் போனார். அவர் கட்டாருக்குப் போன பிறகு அம்மா போகத் தொடங்கினா. பள்ளிக்கூட லீவென்றால் நானும் போவேன். பின்னேரம் வலையைப் பாய்ச்சிவிட்டு வருவோம், விடியப் போய் இழுப்போம். தடி ஊன்றுவது அம்மா. வலை இழுப்பது அம்மா. இறாலையும் மணலை மீனையும் கழற்றிப் பெட்டியில் போடுவது நான். வருகிற வலையை மடித்து வைப்பது அப்பா, இடது கையால்.

எங்கட துறைக்குச் சற்று முன்னால் கண்டல் மரங்கள் நிற்கிற ஒரு முனை இருக்கிறது. அதைத் தாண்டினால் துறையும், துறையில் நிற்கிற ஆக்களும் தெரிவார்கள். அந்த முனைக்கு இந்தப் பக்கத்தில் அம்மா தடியை நிறுத்துவா. வெயிலுக்கென்று மேலே போட்டிருந்த அப்பாவின் பழைய சேட்டைக் கழற்றி வள்ளத்தில் வைப்பா. தடியை அப்பாவிடம் கொடுப்பா. பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள்ளால் நடந்து, பற்றைக்குப் பின்னால் போகிற பாதையால் வீட்டுக்குப் போவா. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையும் ஒரு கக்கமுமாகத் தடியை ஊன்றித் துறைக்கு வருவார். பார்க்கிறவர்களுக்கு அந்த வள்ளம் களப்பு முழுக்க அப்படித்தான் வந்தது.

எங்கட ஊரில் பொம்பிளை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் வலையில் மீன் படாதாம். எங்கட வள்ளத்தில் ஏறிய மீன் எல்லாம் அம்மாவின் கையால் ஏறியது. அதைத்தான் வாங்கிக்கொண்டுபோய் ஊர் கறி வைத்தது. ஒருத்தருக்கும் தொண்டையில் முள் சிக்கவில்லை.

இது ஊருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் உள்ளங்கையில் வலை வெட்டிய தழும்பு கோயில் பூசையில் நன்மை அப்பம் எடுக்கக் கை நீட்டும்போது தெரியும். கொடியில் தொங்குகிற பாவாடையில் இடுப்பு மட்டும் சேறு தெரியும். அந்த முனையில் இறங்குகிற பொம்பிளை அவா மட்டும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் நடக்காதவரை அது நடக்கவில்லை. இதற்கு எங்கட ஊரில் மரியாதை என்று பெயர்.

ஒரு தடவை மீனவர் சங்கத்தின் வருடக் கூட்டத்தில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஒற்றைக் கையோட களப்பை வெண்ட மனுசன்" என்று தலைவர் ஒலிவாங்கியில் சொன்னார். கை தட்டினார்கள். கடைசிக் கதிரையில் இருந்து அம்மாவும் தட்டினா. வீட்டுக்கு வந்ததும் அப்பா பொன்னாடையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

"உங்கட கைக்கும் அது சேரவேணும். நீங்கள் ஏன் தட்டினனீங்கள்?" என்று குசினிக்குள் போய்க் கத்தினேன்.

"மெள்ளக் கதை, அவருக்குக் கேக்கும்" என்றா அம்மா. "அந்த மனுசனுக்கு எண்டு மிச்சமாயிருக்கிறது அது ஒண்டுதான் தம்பி. அதையும் பறிக்கப் போறியே?"

எங்கட குடும்பத்தில் முதல் முதல் உயர்தரம் பாஸ் பண்ணியவன் நான். பரீட்சைத் தாளில் எந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கம் எழுதுவேன். குசினிக்குள் நின்று கொண்டு ஒரு சொல் வரவில்லை. ஆனால் கோபம் போகவில்லை, இப்பவும் போகவில்லை.

போன வருட லீவில் ஒருநாள் விடிய, அப்படித்தான் முனைக்கு வந்தோம். அன்றைக்கு நல்ல திரளி மீன் பட்டிருந்தது, வள்ளம் தாழ்ந்து வந்தது. அம்மா தடியை நிறுத்திச் சேட்டைக் கழற்றுகிற நேரம் பின்னால் இன்னொரு வள்ளத்தில் ஆக்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. வழமையாக எங்களுக்குப் பின்னால் ஒருத்தரும் வருவதில்லை.

"கெதியா இறங்கும், கெதியா" என்றார் அப்பா.

அம்மா மற்ற நாட்களில் இறங்குவது எப்படியென்றால், ஒரு காலை மெதுவாக வைத்து, சேற்றில் இழுத்து இழுத்துத்தான் நடப்பா. சேற்றுக்குள் திருக்கை படுத்திருக்கும். கால் உரசி வந்தால் அது விலகிப் போய்விடும், மேலே மிதித்தால்தான் வாலில் இருக்கிற முள்ளால் அடிக்கும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அம்மா குதித்தா. இரண்டு எட்டுத் தூக்கி வைத்திருப்பா. பிறகு ஒரு சத்தம். அம்மாவிடமிருந்து அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தண்ணீர் சிவந்தது. அம்மா கண்டல் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றா. முகம் சாம்பல் மாதிரி. அந்த நிலையிலும் அவா சொன்னது, "நீங்கள் போங்கோ, நான் மெள்ள மெள்ளப் போயிடுவன். ஆக்கள் வருகினம்."

அப்பா தடியைப் பிடித்தபடி நின்றார். போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் குதித்தேன். அம்மாவைத் தூக்கி வள்ளத்துக்குள் திரளிகளுக்கு மேலேயே படுக்க வைத்தேன். குதிக்காலில் ஓட்டை, அதிலிருந்து இரத்தம்.

"பிளாஸ்கில இருக்கிறதை ஊத்து" என்றா பல்லுக்குள்ளால். சூடு பட்டால் அந்த நோ கொஞ்சம் தணியும். அவா ஒருநாளும் குடிக்காத தேத்தண்ணியை அவாவின் காலில் ஊற்றினேன்.

"அப்பா, துறைக்கு விடுங்கோ."

"வீட்டுப் பக்கத்தால..." என்று அப்பா தொடங்கினார்.

"வீட்டுப் பக்கத்தில வாகனம் இருக்கோ? தடியைத் தாங்கோ."

தரவில்லை. நான் பறித்தேன். அப்பாவின் கையிலிருந்து எதையும் நான் அதற்கு முன் பறித்ததில்லை. பறிக்க இலகுவாக இருந்தது; அந்தக் கையில் பலமே இல்லை. திரும்பவும் அந்த இடம் வந்தால் திரும்பவும் பறிப்பேன்.

துறையில் வள்ளம் முட்டியதும் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எழும்பினார்கள். ஒருத்தரும் கிட்ட வரவில்லை. சங்கத் தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? அம்மா எப்பிடி வள்ளத்தில?"

"பறந்து வந்து விழுந்தவா" என்றேன்.

"உவனுக்குப் படிச்ச திமிர்" என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். "முனையால கரைக்கு ஏத்தியிருக்கலாம்தானே?" என்றார் இன்னொருத்தர். பாருங்கள், எந்த முனை என்று அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

மீன் ஏற்ற வந்த முஸ்லிம் நானா ஒருவர் தன் சின்னப் பட்டா லொறிக்குப் பக்கத்தில் நின்றார். முல்லைத்தீவிலிருந்து ஒவ்வொரு விடியலும் எங்கட துறைக்கு வருகிறவர். அவருக்குத்தான் முதலில் வாய் திறந்தது. "விசாரணையப் பொறகு வைங்க! மனுசி செத்துப் போயிருவா போல கிடக்கு, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! தம்பி, காலப் பிடி, நான் தலையப் பிடிக்கிறன்." ஐஸ் பெட்டிகளை இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு அம்மாவை ஏற்றினார். ஐஸ் வெயிலில் கரைந்துகொண்டிருந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி மட்டும் ஹோனை அடித்தபடியே போனார்.

முள்ளில் ஒரு துண்டு உள்ளே முறிந்து கிடந்தது. எடுத்தார்கள். ஆனாலும் காயம் பழுத்தது. பிறகு குதிக்காலில் ஒரு பங்கை வெட்டி எறிய வேண்டி வந்தது. அம்மா இப்போது நடப்பா, நிலத்தில். சேற்றில் நடக்க ஏலாது. புதைந்தால் அந்தக் காலைத் திரும்ப இழுக்கப் பலமில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தபின் தலைவர் பார்க்க வந்தார். நெஸ்ரமோல்ட் சத்துமாப் பைக்கற்றும் பிஸ்கற்றும் கொண்டுவந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கடைசியாக விசயத்துக்கு வந்தார்.

"நாங்கள் எல்லாரும் கதைச்சனாங்கள். பாவம், கால் ஏலாத மனுசி. இனித் துறையாலயே ஏறி இறங்கட்டும். ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

அப்பா, "பெரிய உதவி அண்ணை" என்றார். எனக்கு அந்தப் பிஸ்கற்றைத் தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும்போல இருந்தது. கால் நல்லாயிருந்தபோது அந்த மனுசி வள்ளம் தள்ளினா, வலை இழுத்தா, துறையில் இறங்க ஏலாது. கால் போனதும் இறங்கலாம். உழைப்புக்குக் கொடுக்க மாட்டார்கள், பாவத்துக்குக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு ஒரு கைக்காகப் பொன்னாடை, அம்மாவுக்கு ஒரு காலுக்காகத் துறை.

தலைவர் வாசல் படலையைத் தாண்டியதும் அம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னா: "அந்தத் திருக்கைக்கும் ஒரு பொன்னாடை போத்த வேணும்." சொல்லிவிட்டுச் சிரித்தா. அப்பா எழும்பி வெளியே போனார். நான் சிரிக்கவில்லை.

இந்த லீவிலும் வள்ளத்தில் போகிறேன். இப்போது தடி என்னிடம். அம்மா நடுவில் இருந்து வலை இழுக்கிறா, அப்பா மடிக்கிறார். அம்மா இப்பவும் தண்ணீர் குடிப்பதில்லை, அதற்கு ஒரு சங்கமும் இன்னும் அனுமதி தரவில்லை. முனையைத் தாண்டி நேரே துறைக்கு வருகிறோம், அம்மா அப்பாவின் சேட்டோடு இறங்குகிறா. ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. சில பேர் கை கொடுத்து இறக்கியும் விடுகிறார்கள்.

முந்தநாள் முனையில் எங்களுக்கு முன்னால் ஒரு வள்ளம் நின்றது. எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்கா தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தா. சின்னப் பிள்ளையின் தாய். எங்களைக் கண்டதும் அவாவின் புருசன் தடியை வாங்கிக்கொண்டு அவசரமாகத் தள்ளிப் போய்விட்டார். அக்கா இடுப்பளவு தண்ணீரில் தனியே நின்றா.

நான் வள்ளத்தை நிறுத்தினேன். "அக்கா, வாங்கோ, ஏறுங்கோ. துறையில இறக்கி விடுறன்."

அவா அம்மாவின் காலைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, நான் ஏதோ கூடாத கதை கேட்டதுபோல, "எனக்கென்ன தம்பி, கால் நல்லாத்தானே இருக்கு" என்றா. சொல்லிவிட்டு முதுகைக் காட்டி வேகமாக நடக்கத் தொடங்கினா.

அப்பா வலையைப் பார்த்தபடி இருந்தார். அம்மா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டி, துறைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினா:

"கெதியா நடவாதை பிள்ளை! ஆர் பாத்தாலும் பாக்கட்டும். காலை இழுத்து இழுத்து வை!"