தொப்பூர் தாண்டிக் கை நனைத்தேன்

பெண் பார்க்கத் தருமபுரிப் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பவும். என் தம்பிக்காக நான் போனது 1944 மாசியில். யுத்தத்தால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. ஓடியதெல்லாம் கரியை எரித்து ஓட்டும் கரி பஸ். எங்கள் ஊர் திருச்சி. புறப்படும்போது அம்மா ஒன்றையே மூன்று முறை சொன்னாள்: "சம்பந்தம் முடிவாகாம அந்த வீட்ல கை நனைச்சிடாதே." சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு வேண்டாமென்றால் பெண்ணுக்குத்தான் அவமானம்.

சேலத்தில் காலை ஆறரைக்கு பஸ். தருமபுரி நாற்பது மைல், மூன்று மணி நேரம் என்றார்கள். நம்பினேன். சேலத்துக் காப்பி எங்கள் திருச்சிக் காப்பிக்கு ஈடில்லை என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொப்பூர் ஏற்றத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பஸ் முனகிக்கொண்டு ஏற, நாங்கள் பின்னாலேயே நடந்தோம். ஏற்றம் முடிந்து நாலு மைலில் அது அடியோடு நின்றது. மணி பதினொன்று.

"கரி நமுத்துப் போச்சுங்க. ரெண்டு மணி நேரமாவும். எங்கியாச்சும் நெழல்ல குந்துங்க" என்றார் டிரைவர்.

சாலையோரம் ஓர் ஓட்டு வீடு. தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "பசியா வந்தவங்களுக்கு வெறுந்தண்ணி குடுக்கறதில்லீங்க எங்க பக்கம். உக்காருங்க." யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. எங்கள் பக்கத்தில் ஜாதகம் வரை விசாரித்த பிறகுதான் மோரே வரும். கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. களியை நான் மெல்லப் போக, "முழுங்கணுங்க" என்று சிரித்தார். இரண்டாம் உருண்டையில் பழகிவிட்டது.

கை கழுவிய பிறகுதான் எங்கே பயணம் என்று கேட்டார்.

"தருமபுரிக்கு. பஸ் ஸ்டாண்டில கிருஷ்ணப்பன்னு ஒருத்தர் காத்திருப்பார். அவர் பெண்ணைத் தம்பிக்குப் பார்க்க வந்தேன்."

அம்மாள் கையிலிருந்த செம்பு விழுந்தது. "அய்யோ, அவரு எங்க வூட்டுக்காரருங்க! உங்களக் கூட்டியாரத்தான் காலையிலயே போனாரு."

கழுவிய கையைப் பார்த்தேன்; அம்மா மூன்று முறை சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குள் பெண்ணே நிலைப்படிக்கு வந்துவிட்டாள். பெயர் பங்கஜம். எட்டாவது பாஸ் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எழுதாததை அவள் சொன்னாள்.

"டீச்சர் டிரெயினிங்ல எடம் கெடச்சிருக்குங்க. ரெண்டு வருசம். அத முடிச்சிட்டுத்தான் குடித்தனம். எழுத அப்பா பயந்துட்டாரு."

"எங்க அம்மா சம்மதிக்க மாட்டாங்களே" என்றேன்.

"நீங்க கை நனைச்சிட்டீங்க, வேண்டாம்னு சொல்ல முடியாது. நான் இன்னும் உங்க வூட்ல நனைக்கலீங்க. நான் சொல்லலாம்."

"ஏ புள்ள!" என்று அம்மாள் அதட்டினார். எனக்கு வந்த கோபம் பாதியில் சிரிப்பாகிவிட்டது. இவள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டேன்.

காத்திருப்பவரைப் பார்க்க அதே பஸ்ஸில் ஏறினேன். இரண்டரைக்குத் தருமபுரி. கடைத்தெருவில் ஒரே வியாபாரி தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கோபித்துக்கொண்டார். கிருஷ்ணப்பர் பட்டினியாக நின்றிருந்தார். "மொதல்ல வூட்டுக்குப் போயிரலாங்க" என்றார். போய்விட்டுத்தான் வருகிறேன் என்றேன்.

போகிறவர்களுக்கு என் யோசனை: கரி பஸ்ஸை நம்பி நல்ல நேரம் குறிக்காதீர்கள். களியை மெல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுங்கள். கை நனைத்ததையும் பெண்ணின் இரண்டு வருஷப் படிப்பையும் சொல்லி நான் அம்மாவிடம் ஒரு மாதம் திட்டு வாங்கினேன்; வருத்தமில்லை.

பங்குனியில் அவர்கள் திருச்சிக்கு வந்தார்கள். பெண்ணையும் அழைத்து வந்தது எங்கள் தெருவுக்கே புதுசு. அம்மா இலை போட்டுப் பரிமாறினாள். எல்லோரும் கை வைத்தார்கள். பங்கஜம் மட்டும் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். தம்பிக்குப் புரிந்தது. "படிச்சு முடிக்கட்டும்மா" என்றான்.

அம்மா அவனைப் பார்த்தாள், என்னை முறைத்தாள், அந்த இலையைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம்தானே. சோறு ஆறுது, சாப்பிடும்மா."

பங்கஜம் சோற்றில் கை வைத்தாள்.