மூன்றாவது வயரின் வெளிச்சம்

இது நடந்தது. என்னை நம்பச் சொல்லவில்லை. எனக்கே என் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் நேரங்களை அப்போதைக்கப்போது நோட்டில் குறித்திருக்கிறேன்.

அக்கா, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். மலைமேல் உள்ள வீடுகளுக்குப் போகும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு நாளில் சேர வேண்டும். அதற்காக வாங்கிய பழைய கார், மூன்று காலில் ஓடும் நாயைப் போல நொண்டியது. மேட்டைக் கண்டாலே திணறியது. கார் ஏறாவிட்டால் வேலை இல்லை. அதை வாங்கச் சொன்னவள் நான். மாலை வகுப்பில் எஞ்சின் வேலை படிக்கிற தைரியம்.

"படிச்சதை இப்பவாவது காட்டுடி," என்றாள்.

நான்கு சிலிண்டர். ஏதோ ஒன்றில் தீப்பொறி சரியாக விழவில்லை. எதில் என்று கண்டுபிடிக்க, வகுப்பிலிருந்து டைமிங் லைட்டை இரவல் வாங்கி வந்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். சிலிண்டருக்கு ஒன்றாக மின்சாரம் கொண்டுபோகும் பிளக் வயர்களில் ஒன்றில் அதன் கிளிப்பை மாட்டினால், அந்த வயரில் மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்னும். பாயாவிட்டால் இருட்டு. அவ்வளவுதான்.

மாலை 7.31. மின்னுவது நன்றாகத் தெரிய ஷெட் விளக்கை அணைத்தேன். டிரைவர் சீட்டில் அக்கா. திறந்த பானெட் அவளை மறைத்தது.

7.34. முதல் வயர். டிக்டிக்டிக்... சீரான ஒளி. எஞ்சினுக்கு முன்னால் ஓடும் விசிறி அதில் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது. அதை நம்பிக் கையை நீட்டாதே என்பதுதான் வகுப்பில் முதல் பாடம்.

7.37. இரண்டாவது. சீர்.

7.40. நான்காவது. அதுவும் சீர்.

7.43. மூன்றாவது. மின்னியது... விட்டது... மின்னியது.

"என்னடி, கிடைச்சுதா?"

"மூணாவதுக்கா. அப்படியே மிதிச்சுக்கோ."

அப்போதுதான் பார்த்தேன். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே ஒரு கை.

என் கைதானோ என்று நினைத்தேன். என் கைகள் இரண்டும் விளக்கைப் பிடித்திருந்தன.

7.46. கிளிப்பை முதல் வயருக்கு மாற்றினேன். விசிறி, ரேடியேட்டர். வேறெதுவும் இல்லை. கண் ஏமாற்றியிருக்கும். என் கண்தானே. மறுபடி மூன்றில் மாட்டினேன்.

7.49. கை அங்கேயே இருந்தது. நகக்கண்களில் கரி. ஓடும் விசிறி அதை வெட்டவில்லை.

ஒளி விட்டுப்போனது.

மின்னியபோது, கை விசிறிக்கு இந்தப் பக்கம்.

விட்டது.

பேட்டரி மேல்.

விட்டது...

என் மணிக்கட்டில் சில்லென்று...

"அக்கா. அணை."

எஞ்சின் நின்றது. 7.52.

விளக்கு இன்னும் ஒரு தடவை மின்னியது.

அக்காவிடம் தலைவலி என்று மட்டும் சொன்னேன். அவளே வந்து பானெட்டை மூடினாள்.

மறுநாள் காரை நொண்ட நொண்ட ஓட்டிக்கொண்டு வகுப்பு மாஸ்டரிடம் போனோம். அவர் என் நோட்டைப் படித்தார். நான்கு வயருக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் திருப்பினார். மூன்றாவது இடத்தில் பித்தளை முனையே இல்லை. யாரோ பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். பல வருடத்துப் பிசின். கல்லாக இறுகியிருந்தது.

"வேலை தெரிஞ்சவன்தான் வேணும்னே அடைச்சிருக்கான்," என்றார். "ஆனா ஏம்மா, மூணுல லைட் வந்துச்சுன்னு எழுதியிருக்கே? வராதே. இந்த வயர்ல கரண்ட் போயே பல வருஷம் இருக்கும்."

அப்படியானால் எந்த வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்தேன்?

"புது மூடி போட அரை மணி நேரம். நாளைக்கே மலை ஏறலாம்."

"வேணாம் சார்," என்றாள் அக்கா. "மூணு சிலிண்டர்லயே ஓடட்டும்."

மலை வேலை வேறொருத்திக்குப் போனது.

அன்று மாஸ்டரிடமிருந்து திரும்பி வரும் வழியில்தான் கேட்டேன். "ஏங்க்கா?"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பானெட்டுக்கு அடியில இடுக்கு வழியா உன்னைப் பார்த்துட்டே இருந்தேன். லைட் வர்றப்ப நீ மட்டும்தான் இருந்தே. வெளிச்சம் விட்டுப்போறப்பெல்லாம் உன்கூட ஒருத்தன் குனிஞ்சு நின்னான்."

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்.

"இருட்டுல எப்படித் தெரிஞ்சதுன்னு மட்டும் கேக்காதடி."